"கோப்பு திறக்கப்படவில்லை" என்று எழுதிய குழுவுக்கு

கணினி மையத் தகவல் பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற கூட்டக் குறிப்பின் ஆறாவது பத்தியை வாசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "எந்தக் கோப்பும் திறக்கப்படவில்லை. எந்த உள்ளடக்கமும் வாசிக்கப்படவில்லை. எனவே தகவல் கசிவு நிகழவில்லை, டிக்கெட் மூடப்படுகிறது." (டிக்கெட் என்றால் ஒரு பிரச்சினைக்காகத் திறக்கும் பதிவு.) முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. மூன்றாவது பொய் என்று சொல்ல என் பதவி இடம் தராது. தவறு என்று சொல்ல இடம் தரும், சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரையோ ஊரையோ துறையையோ இங்கே எழுதப்போவதில்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எழுதினால், புகார் கொடுத்து அடையாளம் வெளியான அந்த மாணவி யார் என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். மூன்று மின்னஞ்சல்களுக்கும் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒரே பதில் வந்த பிறகுதான் வெளியில் எழுதுகிறேன். உங்கள் விதியை வரிக்கு வரி நகலெடுத்து வைத்திருக்கும் வேறு குழுக்களும் உண்டு; அவர்களும் படிக்கட்டும்.

நடந்ததை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் குறிப்பில் அது இல்லை.

2025 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம். ஓர் ஆய்வு மாணவி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். கறுப்புத் திரையில் நான்கே வரிகள். முதல் கட்டளையில் ஒரு பதிவு எண். அதற்குக் கீழே, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பொருளில் ஒரு பதில். அடுத்த கட்டளையில் வேறொரு பதிவு எண். அதற்குக் கீழே, இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை என்று பதில். "சார், முதல் எண் நானாக எழுதியது. இரண்டாவது எண் நேற்று இரவிலிருந்து விடுதி வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது" என்றார்.

அந்தக் கட்டளைகள் தேடிய கோப்புறை உள்ளகப் புகார்க் குழுவினுடையது. பாலியல் துன்புறுத்தல் புகார்களின் நகல்களை வைக்க இடம் கேட்டார்கள். நான்தான் பொதுச் சர்வரில் ஒதுக்கிக் கொடுத்தேன். 700 அனுமதி. அலுவலகக் கணக்கைத் தவிர வேறு யாரும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கோப்புகளுக்குப் புகார் கொடுத்தவரின் பதிவு எண்ணையே பெயராக வைத்திருந்தார்கள். சான்றிதழ், கட்டணச் சீட்டு எல்லாவற்றுக்கும் எங்கள் அலுவலகத்தில் அதுதான் வழக்கம். பார்த்தேன், கோப்புறைதான் பூட்டியிருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

ஒரு வகுப்பில் 60 பேர். பதிவு எண்கள் வரிசையானவை. ஒரு மாணவன் ஒற்றை வரியில் ஒரு சுழற்சிக் கட்டளை எழுதி, 60 எண்களையும் வரிசையாகச் சர்வரிடம் கேட்டிருக்கிறான். 59 முறை ஒரு பதில், ஒரு முறை மட்டும் வேறு பதில். ஒரு கோப்பையும் அவன் திறக்கவில்லை, நீங்கள் சொல்வது சரி. திறக்க அவனுக்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த எண்ணுக்குரிய பெண் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

இதைச் செய்ய உதவியது சூடோ. லினக்ஸ் இயங்குதளத்தில் சாதாரணப் பயனர் ஒருவர், ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் அதிகாரத்தைக் கடன் வாங்கும் வாசல் அது. 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. (முறைப்படி "சூ டூ" என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம். நம்மில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.) எங்கள் பொதுச் சர்வரில் இருந்தது அந்தப் பழைய சூடோ கிடையாது, ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதப்பட்ட சூடோ-ஆர்எஸ். அதை முன்மொழிந்ததும் நான்தான். 2021 ஜனவரியில் பழைய சூடோவில் வெளிவந்த "பேரன் சேமெடிட்" ஓட்டை உங்களுக்கு நினைவிருக்கும். 2011 ஜூலையில் நுழைந்த நினைவகப் பிழை ஒன்று, பத்தாண்டுக்குச் சற்றுக் குறைய யார் கண்ணிலும் படாமல் கிடந்து, சூடோ அனுமதிப் பட்டியலில் பெயரே இல்லாத பயனர்கூட ரூட்டாக மாற வழிவிட்டது. அந்த வகைப் பிழைகள் ரஸ்டில் நுழைவது அரிது. அதனால்தான் அதைக் கேட்டேன். இன்றும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 25.10 பதிப்பு அதையே இயல்பான சூடோவாக வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஆகஸ்டில் நடந்தது நினைவகப் பிழையால் வந்தது இல்லை. வாய் அடங்காத பிழை அது.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். இன்னார் இங்கே இருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்கிறார். இன்னொரு பெயரைச் சொல்கிறீர்கள். "இப்போது பார்க்க முடியாது" என்கிறார். இரண்டு முறையும் அவர் உங்களை உள்ளே விடவில்லை, கடமையைச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்களோ வந்த வேலை முடிந்து திரும்புகிறீர்கள். சூடோ போன்ற கருவிகளில் இது கூடுதல் ஆபத்து. அவை செட்யூஐடி நிரல்கள். யார் இயக்கினாலும் ரூட்டாகவே ஓடத் தொடங்கும். இவருக்கு அனுமதி உண்டா என்று முடிவுசெய்வதற்கு முன்பே, கேட்ட பாதையில் கோப்பு இருக்கிறதா என்று ரூட்டின் கண்ணால் பார்த்துவிடும். பார்த்ததைச் சாதாரணப் பயனரின் காதில் போட்டுவிட்டால் கோப்புறையின் 700 எதற்கு?

இது புதுக்கதையும் இல்லை. 2010இல், சூடோ போலவே அதிகாரம் கடன் தரும் பாலிசிகிட் 0.96இன் பிகேஎக்ஸெக் கட்டளையில் இதே ஓட்டை வந்தது, சிவிஇ-2010-0750 (சிவிஇ என்பது வெளியான ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்). பாதையைக் கொடுத்தால், அந்தக் கோப்பு இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுத்தது. 2021இல் பழைய சூடோவின் சூடோஎடிட்டில் வேறொரு வடிவில் வந்தது, சிவிஇ-2021-23239. நொடிப்பொழுதில் ஒரு கோப்புறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குறியீட்டு இணைப்பை (வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழியை) சொருகினால், எட்டாத இடத்தில் ஒரு கோப்புறை உண்டா என்று அறிந்துகொள்ளலாம். 1.9.5 பதிப்பில் அடைத்தார்கள். 2025இல் சூடோ-ஆர்எஸ்ஸின் பட்டியல் கட்டளையில், சிவிஇ-2025-46717. இதையும் மறைக்காமல் அவர்களே அறிவித்து 0.2.6இல் அடைத்தார்கள். மூன்று கருவிகள், இரண்டு மொழிகள், 15 ஆண்டுகள், ஒரே கேள்வி: "இருக்கிறதா?"

0.2.6 மே மாதம் வந்தது. மே மாதமே நான் டிக்கெட் போட்டேன். ஜூன் கூட்டத்தில் நீங்கள் ஒரு விதி இயற்றினீர்கள்: சிவிஎஸ்எஸ் மதிப்பெண் (ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்குத் தரும் எண்) 4.0க்குக் கீழே உள்ள ஓட்டைகளுக்கான பேட்ச், அதாவது அவற்றை அடைக்கும் திருத்தம், ஆண்டு இறுதிப் பராமரிப்பில் போடப்படும். இதன் மதிப்பெண் 3.3. என் டிக்கெட் டிசம்பருக்குப் போனது. ஆகஸ்ட் நடுவில் வந்தது.

அந்த 3.3ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. சிவிஎஸ்எஸ் முறையை வெளியிடும் ஃபர்ஸ்ட் அமைப்பின் கையேடே, இந்த மதிப்பெண் ஓட்டையின் தீவிரத்தைத்தான் அளக்கிறது, அபாயத்தை அளப்பதில்லை என்று சொல்கிறது. உலகத்தில் உள்ள எல்லாச் சர்வருக்கும் பொதுவான அடிப்படை எண் அது. அதற்கு மேல், அந்தந்த நிறுவனம் தன் சூழலுக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ள ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கேள்வி: இந்தச் சர்வரில் உள்ளவற்றுக்கு இரகசியத் தேவை எவ்வளவு? குறைவு, நடுத்தரம், அதிகம். பொதுச் சர்வருக்கு அந்தக் கட்டத்தை நீங்கள் ஒருமுறையும் நிரப்பியதில்லை.

நான் நிரப்பிப் பார்த்தேன். 3.1 பதிப்பின் சூத்திரத்தில் வேறு எதையும் தொடாமல், இரகசியத் தேவை "அதிகம்" என்று மட்டும் குறித்தேன். 3.3 என்பது 4.0 ஆனது. தாளில் எழுதிக் கூட்டியும் பார்த்தேன், 3.95 வருகிறது, சூத்திரத்தின் விதிப்படி மேல்நோக்கி முழுமையாக்கினால் 4.0. உங்கள் விதியின் வரம்பும் 4.0. புகார்க் குழுவின் கோப்புகள் இருக்கும் சர்வர் இரகசியமானது என்று ஒரே ஒரு கட்டத்தில் குறித்திருந்தால், உங்கள் விதியை நீங்கள் மீறாமலே அந்தப் பேட்ச் ஜூனில் போடப்பட்டிருக்கும்.

பெயர் தெரிந்தால் கசிவா, உள்ளே இருப்பது தெரிந்தால்தான் கசிவா என்ற விவாதத்தைச் சட்டம் நமக்கு விட்டுவைக்கவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தை மட்டும் பாதுகாக்கவில்லை. புகார் கொடுத்தவர், எதிர்மனுதாரர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையே வெளியில் தெரியப்படுத்தக் கூடாது என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் மாணவிகளையும் இந்தப் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தன. சட்டம் எதை மறைக்கச் சொன்னதோ அதை நாங்கள் கோப்பின் பெயராக வைத்தோம். எங்கள் சர்வர் அதைக் கேட்டவனுக்குச் சொன்னது. இதற்குக் "கசிவு நிகழவில்லை" என்று குறிப்பா?

நீங்கள் குறைவு என்று ஒதுக்கியவற்றில் இன்னொன்றும் இருந்தது. அதே 0.2.6இல் அடைக்கப்பட்ட சிவிஇ-2025-46718. குறைந்த அளவு சூடோ உரிமை உள்ள ஒருவர், மற்றவர்களின் சூடோ உரிமைகளைப் பட்டியலிட்டுப் பார்க்கலாம். பார்த்தால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். திருட வருபவன் முதலில் கேட்பது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். எந்த உதவியாளரின் கணக்கில் காப்புப்பிரதி எடுக்கும் உரிமை இருக்கிறது, எவருக்குக் கடவுச்சொல் கேட்காமலே கட்டளை ஓடும் என்று தெரிந்துவிட்டால், 400 கணக்குகளை முட்டிப்பார்க்கும் வேலை ஒரே கணக்கில் முடிந்துவிடும். பழைய சூடோவிலும் ஒரு பாடம் கிடைத்தது. வேறொரு கணினியில் எனக்கு என்ன உரிமை என்று பட்டியல் பார்ப்பதற்காக 2013இல் ஒரு விருப்பம் சேர்த்தார்கள். பட்டியலுக்கு மட்டும் என்று வைத்தது, கட்டளையை இயக்கும்போதும் செல்லுபடியானது. வேறு கணினிக்கு எழுதிய உரிமையை இந்தக் கணினியில் பயன்படுத்த முடிந்தது. கண்டுபிடித்து அடைத்தது 2025 ஜூன் இறுதியில், 1.9.17பி1இல். பார்ப்பது மட்டும்தானே என்ற அலட்சியம் ஏறத்தாழ 12 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இப்போது, இந்த நிமிடம், உங்கள் வரிசையில் காத்திருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாணவர் ஆய்வகத்தில் உபுண்டு 25.10 போட்ட கணினிகள் இருக்கின்றன. 2025 நவம்பரில் சூடோ-ஆர்எஸ்ஸில் சிவிஇ-2025-64170 அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல்லைப் பாதி தட்டிவிட்டு என்டர் அழுத்தாமல் நீண்ட நேரம் விட்டுவிட்டால், நேரம் முடிந்ததும் அதுவரை தட்டிய எழுத்துகள் திரையில் அப்படியே தெரியும். 0.2.10இல் அடைத்துவிட்டார்கள். மதிப்பெண் "குறைவு", எனவே நம் விதிப்படி அடுத்த டிசம்பர். அந்த ஆய்வகத்தில் ஆசிரியரின் கணினி புரொஜக்டரோடு இணைந்திருக்கிறது. சந்தேகம் கேட்க ஒரு மாணவர் எழுந்து நின்றால் ஆசிரியர் தட்டுவதை நிறுத்திவிட்டு அந்த மேசைக்குப் போவார். திரும்பி வரும்போது எட்டு எழுத்துகளில் ஐந்து, சுவரளவு பெரிதாகத் தெரியும்.

இனி நடவடிக்கைகளுக்கு வருகிறேன். அந்த வியாழக்கிழமை இரவே, குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் நான் 0.2.6ஐப் போட்டேன். பதினொரு நிமிட வேலை. அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கொடுத்துவிட்டேன், அதைப் பற்றிப் புகார் இல்லை. கட்டளையை ஓட்டிய மாணவனை ஒரு மாதம் இடைநீக்கம் செய்தீர்கள். அதையும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வந்து காட்டிய ஆய்வு மாணவியின் கணக்கையும் "அனுமதியின்றிச் சோதனை செய்தார்" என்று முடக்கினீர்கள். இன்றுவரை திறக்கவில்லை. அவருடைய கணக்கீடுகள் எல்லாம் அந்தச் சர்வரில்தான் இருக்கின்றன. அடுத்த ஓட்டையைப் பார்ப்பவர் என் அறைக்கு வருவாரா, விடுதி வாட்ஸ்அப் குழுவுக்குப் போவாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பவை இவை.

ஆய்வு மாணவியின் கணக்கை இன்றே திறந்துவிடுங்கள். முடக்கியது பிழை என்று அவருக்கும் அவருடைய நெறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

ஆறாவது பத்தியைத் திருத்துங்கள். டிக்கெட்டை மறுபடி திறந்து, புகார்தாரரின் அடையாளம் வெளியானது என்று பதியுங்கள். பாதிக்கப்பட்ட மாணவிக்கு என்ன நடந்தது, எப்படி நடந்தது, எப்போது அடைக்கப்பட்டது என்பதை உள்ளகப் புகார்க் குழுவின் பெண் உறுப்பினர் ஒருவர் நேரில் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். வந்து விளக்கம் தர என்னை அழைத்தால் வருகிறேன். மன்னிப்புக் கேட்கும் பொறுப்பில் எனக்கும் பங்கு இருக்கிறது.

4.0 விதியிலிருந்து செட்யூஐடி நிரல்கள் எல்லாவற்றையும் விலக்குங்கள். சூடோ, பாலிசிகிட் மட்டும் இல்லை, ரூட்டாக ஓடத் தொடங்கும் எதுவும். மதிப்பெண் எதுவானாலும் பேட்ச் வந்த ஏழு நாளுக்குள் போட நிர்வாகிகளுக்கு அதிகாரம் வேண்டும். அறிக்கை பிறகு தருகிறோம். எங்கள் பொதுச் சர்வரில் அப்படிப்பட்ட நிரல்கள் இருபதுக்குள்தான் இருக்கின்றன, பாதிக்குத் தேவையே இல்லை. நீக்க வேண்டியவற்றின் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற ஓட்டைகளுக்கு அடிப்படை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரகசியத் தேவைக் கட்டத்தை நிரப்பும்போது, அந்தச் சர்வரில் கோப்பு வைத்திருக்கும் துறையின் ஆள் ஒருவர் மேசையில் இருக்கட்டும்.

ஆய்வகக் கணினிகளுக்கு 0.2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட இந்த வாரமே ஒப்புதல் கொடுங்கள்.

கடைசியாக, புகார்க் குழுவின் கோப்புகளைப் பொதுச் சர்வரிலிருந்து எடுத்துவிட வேண்டும். தனிக் கணினி ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டது, மாணவர் கணக்கு ஒன்றும் அதில் இல்லை. கோப்புகளின் பெயர்கள் தற்செயல் எண்களாக மாறும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு புகார்க் குழுத் தலைவரின் பூட்டிய அலமாரியில் தாளில் இருக்கும். இடமாற்றத்துக்கான விண்ணப்பம் செப்டம்பர் 4ஆம் தேதியிலிருந்து உங்கள் வரிசையில் கிடக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில் தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இப்படிக்கு,
பொதுச் சர்வரின் நிர்வாகி